பதில் தராத டிஸ்க்கும் டிரைவரின் மீட்பு வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் வட்டாரத்தில் தேயிலைத் தொழிற்சாலை, விடுதி, பள்ளி ஆகியவற்றின் கணினிகளைப் பராமரிக்கிறவர்கள் சில ஆண்டுகளாக என்னிடம் கேட்ட கேள்விகளும், இயங்குதளப் பாடம் படிக்கும் மாணவர்கள் கேட்ட கேள்விகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலும் லினக்ஸை வைத்தே விளக்கியிருக்கிறேன். அதன் மூல நிரல் எவரும் படித்துச் சரிபார்க்கக்கூடியது என்பதே காரணம்.

டிஸ்க் பதில் தரவில்லை என்று கெர்னல் சொல்லும்போது உண்மையில் என்ன நடந்திருக்கிறது?

என்ன நடந்தது என்று இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கே தெரியாது என்பதுதான் நேரான விடை. டிஸ்க்கோடு பேசும் கெர்னல் பகுதியான டிரைவர் ஒரு கட்டளையை அனுப்புகிறது. வேலை முடிந்ததும் இன்டரப்ட் என்ற குறுக்கீட்டுச் சமிக்ஞை வழியாக அந்தச் செய்தி வர வேண்டும். குறித்த நேரத்துக்குள் அது வரவில்லை. கட்டளை டிஸ்க்கைப் போய்ச் சேராமலே இருந்திருக்கலாம். போய்ச் சேர்ந்து, கெட்டுப்போன செக்டர் (தரவு வைக்கும் சிறு பகுதி) ஒன்றை டிஸ்க் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் நிரலான ஃபர்ம்வேர் உறைந்துபோயிருக்கலாம். வேலை முழுவதும் முடிந்து, முடிந்தது என்ற செய்தி மட்டும் தொலைந்திருக்கலாம். இந்த நான்கும் டிரைவருக்கு ஒரே மௌனமாகத்தான் தெரியும்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சரக்கு ஏற்றி அனுப்பிய லாரியிடமிருந்து இரவு வரை தகவல் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பர்லியாறு அருகே மண் சரிந்து வண்டி நிற்கலாம். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சிக்னல் கிடைக்காமலும் இருக்கலாம். தகவல் வரவில்லை என்பதற்காக அதே சரக்கை வேறொரு லாரியில் ஏற்றி அனுப்புவதற்கு முன், முதல் லாரி எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். டிஸ்க் டிரைவரின் பிழை மீட்பு வேலையும் அங்கேதான் தொடங்குகிறது.

காத்திருக்கும் நேரம் எவ்வளவு? அதை யார் முடிவு செய்கிறார்கள்?

லினக்ஸில் ஸ்கஸி அடுக்கின் (டிஸ்க் கட்டளைகளைக் கையாளும் கெர்னல் பகுதி) வழியாக வரும் டிஸ்க்குகளுக்கு, அதாவது சாட்டா, எஸ்ஏஎஸ், யூஎஸ்பி டிஸ்க்குகள் எல்லாவற்றுக்கும், ஒரு கட்டளைக்கான காலக்கெடு இயல்பாக 30 வினாடி. பிசிஐ பஸ்ஸில் நேரடியாக இணையும் என்விஎம்இ டிஸ்க்குகளுக்கும் படிக்க, எழுத அனுப்பும் கட்டளைகளுக்கு 30 வினாடிதான். டிஸ்க்கை இயக்கும் மின்னணுச் சுற்றான கன்ட்ரோலரை நிர்வகிக்கும் கட்டளைகளுக்கு 60 வினாடி. விண்டோஸில் டிஸ்க் காலக்கெடு பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) பொதுவாக 60 வினாடியாக இருக்கும்.

ஒரு மில்லி வினாடியில் முடிய வேண்டிய வேலைக்கு 30 வினாடியா என்று மாணவர்கள் வியப்பதுண்டு. நின்றிருந்த ஹார்ட் டிஸ்க் சுழன்று வேகம் பிடிக்கவே பல வினாடிகள் ஆகும். வரிசையில் ஏற்கெனவே நிற்கும் கட்டளைகள் முடிய வேண்டும். படிக்க முடியாத செக்டரை டிஸ்க் தானே சரிசெய்துகொள்ள நேரம் தர வேண்டும். காலக்கெடுவைக் குறைத்தால் மீட்பு விரைவாகத் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் நன்றாக இருக்கும் டிஸ்க்கை, சற்றே தாமதமானதற்காக, ரீசெட் செய்து அதன் கையிலிருந்த மற்ற வேலைகளையும் கெடுத்துவிடும். குறைப்பதற்குக் காரணம் இருக்கிறது என்று என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் தேவைப்பட்டது அதைக் கூட்டுவதுதான். ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒரே தொகுதியாக இணைக்கும் முறை) பற்றிய கேள்வியில் அதை விளக்கியிருக்கிறேன்.

நேரம் கடந்ததும் கட்டளையைக் கைவிட்டுவிட்டு மறுபடி அனுப்பினால் போதாதா? இவ்வளவு சடங்கு எதற்கு?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பேன். டிரைவர் எழுதப் பழகும் பலரும் முதலில் தவறு செய்யும் இடமும் இதுதான்.

டிஸ்க் கன்ட்ரோலர் தரவைச் செயலியின் கையில் கொடுப்பதில்லை. நினைவகத்தில் இந்த முகவரியில் கொண்டுபோய் வை என்று டிரைவர் சொல்லிவிட்டால், கன்ட்ரோலர் தானே நேரடியாக அங்கே எழுதிவிடும். இதைத்தான் டிஎம்ஏ என்கிறோம். ஆகவே ஒரு படிக்கும் கட்டளையை அனுப்பிய கணத்திலிருந்து அந்த நினைவகத் துண்டு டிரைவருக்குச் சொந்தமில்லை. டிஸ்க்கிடம் இரவலாகப் போய்விட்டது. 30 வினாடி கடந்தது என்று டிரைவர் கட்டளையைக் கைவிட்டு, அந்த நினைவகத் துண்டை விடுவித்துவிடுகிறது. கெர்னல் அதை வேறொரு நிரலுக்குக் கொடுக்கிறது. அந்த நிரல் அதில் யாரோ ஒரு விவசாயியின் மாதக் கணக்கை வைத்திருக்கிறது. 40 ஆவது வினாடியில் டிஸ்க் விழித்துக்கொண்டு, தனக்குச் சொல்லப்பட்டபடி, பழைய தரவைக் கொண்டுவந்து அந்தக் கணக்கின் மேல் எழுதிவிடுகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. கணினி நிற்காது. கணக்கு மட்டும் தவறாகிவிடும்.

எழுதும் கட்டளையில் வேறொரு ஆபத்து இருக்கிறது. கைவிட்டதாக நினைத்த பழைய கட்டளை டிஸ்க்குக்குள் இன்னும் உயிரோடு இருக்க, அதே இடத்துக்குப் புதிய தரவை டிரைவர் எழுதிவிட்டால், தாமதமாக விழித்த பழைய கட்டளை புதியதன் மேல் பழையதை எழுதிவிடலாம். மூன்றாவது ஆபத்து, கட்டளைகளின் அடையாள எண்ணைப் பற்றியது. சாட்டா வரிசையில் 32 எண்கள்தான் உண்டு. கைவிட்ட கட்டளையின் எண்ணை வேறொரு கட்டளைக்கு உடனே கொடுத்துவிட்டால், தாமதமாக வரும் பழைய பதிலை டிரைவர் புதிய கட்டளையின் பதிலாக எடுத்துக்கொள்ளும்.

ஆகவே காலக்கெடு கடந்தது என்பதைத் தோல்வி என்று படிக்கக் கூடாது. ஐயம் என்று படிக்க வேண்டும். அந்தக் கட்டளை இனி நினைவகத்தையும் டிஸ்க்கையும் தொடாது என்ற உறுதியைப் பெறுவதே பிழை மீட்பின் முதல் கடமை. டிஸ்க்கை மறுபடி வேலை செய்ய வைப்பது இரண்டாவது கடமைதான். உறுதி கிடைத்த பிறகு மறுபடி அனுப்புவதில் தவறில்லை. ஒரே இடத்தில் ஒரே தரவை இரண்டு முறை எழுதினால் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது. இருக்கும் இடத்திலிருந்தே அடுத்ததை எழுதும் நாடாச் சாதனங்களில் இந்தச் சலுகையும் கிடையாது.

லினக்ஸ் அந்த உறுதியை எப்படிப் பெறுகிறது?

சிறிய அடியிலிருந்து பெரிய அடிக்குப் படிப்படியாகப் போகிறது. ஸ்கஸி அடுக்கில், காலக்கெடு கடந்த கட்டளையை மட்டும் ரத்துசெய்யும்படி முதலில் டிஸ்க்கைக் கேட்கிறது. டிஸ்க் அதை ஏற்றுக்கொண்டால் பிரச்சினை அங்கேயே முடிந்தது. கட்டளை மறுபடி அனுப்பப்படும். பிற கட்டளைகளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

ரத்துக் கோரிக்கைக்கும் பதில் இல்லையென்றால் நிலைமை மாறுகிறது. அந்த கன்ட்ரோலர் முழுவதும் மீட்பு நிலைக்குப் போகிறது; புதிய கட்டளைகள் வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன; ஏற்கெனவே உள்ளே போனவை ஒவ்வொன்றும் முடியவோ தன் காலக்கெடுவைக் கடக்கவோ வேண்டும். அதன் பிறகுதான் அந்த கன்ட்ரோலருக்கென்றே இருக்கும் மீட்பு இழை (தனியாக ஓடும் கெர்னல் வேலை) கண்விழிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கட்டளை ஒன்றுகூட இல்லாத அமைதியில் வேலை செய்வதால்தான், எந்தக் கட்டளை யாருடையது என்ற குழப்பம் அதற்கு வருவதில்லை. பிறகு அது தேவைப்பட்டால் சுழற்சியைத் தொடங்கச் சொல்கிறது. தனி டிஸ்க்கை ரீசெட் செய்கிறது. அதன் பின் இலக்குச் சாதனத்தை, பஸ்ஸை (சாதனங்களை இணைக்கும் பொதுப் பாதை), கடைசியாக கன்ட்ரோலரையே ரீசெட் செய்கிறது. ஒவ்வொரு படிக்குப் பிறகும், நீ தயாரா என்று கேட்கும் சிறிய கட்டளை ஒன்றை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கிறது. அந்தச் சிறிய கட்டளைக்குத் தரப்படும் நேரம் இயல்பாக 10 வினாடி. எதற்கும் பதில் இல்லையென்றால் டிஸ்க் ஆஃப்லைன் என்று குறிக்கப்படுகிறது.

படிகளின் வரிசை ஏன் இப்படி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மேலே போகப் போக உறுதி கூடுகிறது, சேதமும் கூடுகிறது. ஒரு கட்டளையை ரத்துசெய்தால் அந்தக் கட்டளை மட்டும் போகும். கன்ட்ரோலரை ரீசெட் செய்தால் அதில் தொங்கும் எல்லா டிஸ்க்குகளின் வேலையும் அறுந்துபோகும். நல்ல டிரைவர் தேவைக்கு மேல் ஒரு படிகூட ஏறாது.

ஒரு டிஸ்க் கெட்டதற்கு எல்லா டிஸ்க்குகளும் ஏன் நின்றன?

மேலே சொன்ன மீட்பு நிலை கன்ட்ரோலர் அளவில் நடப்பதால்தான். எட்டு டிஸ்க்குகள் ஒரே எஸ்ஏஎஸ் கார்டில் இருந்தால், ஒன்று செய்த பிழைக்காக மற்ற ஏழும் காத்திருக்கும். பல படிகள் ஏறினால் அந்தக் காத்திருப்பு நிமிடங்களாக நீளும். மதர்போர்டில் உள்ள சாட்டா இணைப்புகளில் இப்படி நடக்காது. அங்கே ஒவ்வொரு இணைப்பும் லினக்ஸுக்குத் தனி கன்ட்ரோலராகவே தெரியும். எஸ்ஏஎஸ் கார்டு வைத்திருப்பவர்கள், மீட்புக்கு மொத்தமாக இவ்வளவு நேரம்தான் என்று வரம்பு வைக்கும் அமைப்பைப் பயன்படுத்தலாம். அது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். வைத்தால், வரம்பு கடந்ததும் இடைப்படிகளைத் தாண்டி நேராக கன்ட்ரோலர் ரீசெட்டுக்குப் போகும்.

பதிவில் "ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்" என்று திரும்பத் திரும்ப வருகிறது. டிஸ்க் போய்விட்டதா?

அந்த வரியை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். கோத்தகிரி அருகே ஒரு தொழிற்சாலையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

மாலை ஐந்து மணி. பச்சைத் தேயிலை மூட்டைகளோடு விவசாயிகள் எடை மேடை முன் வரிசையில் நிற்கிறார்கள். எடை எழுதும் கணினியின் திரை அப்படியே உறைந்து, ஏறத்தாழ முக்கால் நிமிடம் கழித்து ஓடத் தொடங்குகிறது. கால் மணி நேரத்தில் மறுபடி உறைகிறது. கெர்னல் பதிவைத் திறந்தேன். முதலில் "ஃப்ரோஸன்" என்று முடியும் விதிவிலக்கு வரி. அடுத்து எழுதும் கட்டளை தோல்வி. அடுத்து லிங்க் ரீசெட். சில வினாடி கழித்து லிங்க் 6.0 ஜிகாபிட் வேகத்தில் எழுந்தது என்ற வரி. பலமுறை இப்படி நடந்த பிறகு, வேகத்தை 3.0 ஆகக் குறைக்கிறேன் என்று கெர்னலே முடிவெடுத்திருந்தது. லினக்ஸ் தொடர்ந்து தோற்கும் இணைப்பின் வேகத்தைத் தானே குறைத்துப் பார்க்கும். அதிக வேகத்தில் கெடும் சிக்னல் குறைந்த வேகத்தில் தாங்கலாம் என்பதே கணக்கு.

டிஸ்க்கை மாற்றச் சொல்லி ஏற்கெனவே ஒருவர் விலை கொடுத்திருந்தார். டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அளவீடுகளைப் பார்த்தேன். மாற்றி வைக்கப்பட்ட செக்டர்களைச் சொல்லும் 5 ஆம் அளவீடும், படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டர்களைச் சொல்லும் 197 ஆம் அளவீடும் பூஜ்யம். கேபிளில் தரவு சிதைவதைச் சொல்லும் 199 ஆம் அளவீட்டிலும் மாற்றமில்லை. ஆனால் டிஸ்க்குக்கு எத்தனை முறை மின்சாரம் வந்தது என்பதை எண்ணும் 12 ஆம் அளவீடு அன்று மாலைக்குள் மூன்று கூடியிருந்தது. கணினியோ நாற்பது நாளாக ஒருமுறைகூட அணைக்கப்படவில்லை. அதாவது கணினிக்கு மின்சாரம் இருக்க, டிஸ்க்குக்கு மட்டும் அறுந்து அறுந்து வந்திருக்கிறது. மின் கேபிளை இரண்டாகப் பிரிக்கும் பழைய இணைப்பி ஒன்று தளர்ந்திருந்தது. சுவருக்கு அப்பால் அரைக்கும் இயந்திரம் ஓடும்போதெல்லாம் தரை அதிர, அதன் முனை விட்டு விட்டுத் தொட்டது. இணைப்பியை எடுத்துவிட்டு நேர் கேபிள் போட்டோம். டிஸ்க் அதே டிஸ்க்தான்.

ஆகவே பார்க்க வேண்டிய வரிசை இது: 5, 197 கூடினால் டிஸ்க்கின் தட்டு, 199 கூடினால் தரவு கேபிள், கணினி அணையாமல் 12 கூடினால் மின் இணைப்பு. மூன்றும் அசையவில்லை, ஆனாலும் உறைகிறது என்றால் ஃபர்ம்வேரையோ கன்ட்ரோலரையோ சந்தேகிக்கலாம்.

அந்த மூன்று முறையும் ரீசெட்டுக்குப் பின் டிஸ்க் எழுந்துவிட்டதே; தரவுக்கு எதுவும் ஆகியிருக்காது அல்லவா?

ஆகியிருக்கலாம். லிங்க் மட்டும் ரீசெட் ஆனால் டிஸ்க்கின் உள்நினைவகத்தில் இருப்பவை அப்படியே இருக்கும். மின்சாரமே அறுந்தால், எழுதிவிட்டேன் என்று டிஸ்க் ஏற்கெனவே சொல்லிவிட்டு, தட்டில் இறக்காமல் கையில் வைத்திருந்தவை மறைந்துபோகும். கெர்னலைப் பொறுத்தவரை அவை முடிந்த வேலைகள். ஆகவே மறுபடி அனுப்பாது. கையிலிருப்பதை எல்லாம் தட்டில் இறக்கு என்ற ஃப்ளஷ் கட்டளை வெற்றியாக முடிந்தவற்றுக்கு மட்டுமே உத்தரவாதம் உண்டு. அந்தத் தொழிற்சாலையில் அன்றைய எடைச் சீட்டுகளின் கைப்பிரதியை வைத்து ஒவ்வொரு பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னதற்கு இதுவே காரணம். இலைக்காரருடைய கிலோ கணக்கு, டிரைவரின் பதிவில் பிழை இல்லை என்பதற்காகச் சரியாகிவிடாது.

எழுதும்போது பிழை வந்தால் நிரல் மறுபடி எஃப்சிங்க் செய்தால் சரியாகிவிடுமா?

இல்லை, இதை வேலை செய்யும் நிரலாளர்களிலேயே பலர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். நிரல் எழுதும் தரவு முதலில் கெர்னலின் நினைவகப் பக்கங்களில் தங்கி, பிறகே டிஸ்க்குக்குப் போகிறது. அதை டிஸ்க்கில் இறக்கி உறுதி செய் என்று நிரல் கெர்னலைக் கேட்பதுதான் எஃப்சிங்க். அப்படிப் போகும்போது மீட்பு தோற்றுப் பிழை வந்தால், லினக்ஸின் முக்கியமான கோப்பு முறைமைகள் அந்தப் பக்கத்தை எழுதப்பட்டதைப் போலவே சுத்தம் என்று குறித்துவிடுகின்றன. முதல் எஃப்சிங்க் பிழையைச் சொல்லும். இரண்டாவது எஃப்சிங்க், எழுத வேண்டியது எதுவும் இல்லை என்பதால், வெற்றி என்று சொல்லும். தரவு டிஸ்க்கில் இருக்காது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநர்கள் 2018 இல் இதை விரிவாக விவாதித்தார்கள். 2019 இல் வந்த வெளியீடுகளிலிருந்து, எஃப்சிங்க் தோற்றால் மறுபடி முயலாமல் தரவுத்தளத்தையே நிறுத்தி, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் தன் முன்பதிவுக் கோப்பிலிருந்து மீண்டு எழும்படி மாற்றிவிட்டார்கள். உங்கள் சொந்த நிரலிலும் அதையே செய்யுங்கள்: எஃப்சிங்க் தோற்றால், கடைசியாக உறுதியான நிலையிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதுங்கள். லினக்ஸ் 4.13 க்கு முந்தைய கெர்னல்களில் பிழைச் செய்தியே சில வேளை நிரலுக்கு வந்து சேராமல் தொலைந்துவிடும் என்பதால், பழைய கெர்னலில் ஓடும் கணக்குக் கணினிகளை மேம்படுத்துவது நல்லது.

நிரலைக் கட்டாயமாக நிறுத்தும் கட்டளை கொடுத்தும் அது ஏன் சாகவில்லை?

அது டிஸ்க்கின் பதிலுக்காக, இடையில் எழுப்ப முடியாத உறக்கத்தில் இருக்கிறது. அதன் நினைவகத்தில் டிஸ்க் இன்னும் எழுதக்கூடும் என்னும்போது நிரலைக் கொன்று நினைவகத்தைப் பிடுங்க முடியாது. மூன்றாவது கேள்விக்குச் சொன்ன அதே காரணம்தான். 120 வினாடிக்கு மேல் அப்படி நின்றால் கெர்னல் பதிவில் எச்சரிக்கை எழுதும். செயலி சும்மா இருக்கும்போதே கணினியின் சுமை எண் ஏறிக்கொண்டு போவதும் இதனால்தான், ஏனென்றால் லினக்ஸ் இப்படி உறங்குகிறவற்றையும் சுமையில் சேர்த்தே எண்ணுகிறது.

ரெய்டு போட்டிருக்கிறேன். நல்ல டிஸ்க்கையே ரெய்டு வெளியே தள்ளிவிட்டது. ஏன்?

இங்குள்ள சிறிய அலுவலகங்களில் நான் அதிகம் பார்க்கும் துன்பம் இது, முழுவதும் தவிர்க்கக்கூடியது.

மேசைக் கணினிக்கென்று விற்கும் ஹார்ட் டிஸ்க், தனக்கு வேறு துணை இல்லை என்று எண்ணியே செய்யப்பட்டது. படிக்க முடியாத செக்டர் வந்தால், இரண்டு நிமிடத்துக்கு மேல்கூட அதையே முயன்றுகொண்டிருக்கும். அந்த நேரத்தில் வேறு எதற்கும் பதில் சொல்லாது. கெர்னலோ 30 ஆவது வினாடியில் பொறுமை இழந்து ரீசெட் செய்யத் தொடங்கிவிடும். டிஸ்க் அப்போதும் பதில் தராது. கடைசியில் கெர்னல் டிஸ்க்கையே கைவிட, ரெய்டு அதைத் தொகுதியிலிருந்து நீக்கிவிடும். ஒரே ஒரு செக்டருக்காக முழு டிஸ்க் போய்விடுகிறது. அடுத்து, புதிய டிஸ்க்கைப் போட்டு மீட்டமைக்கும்போது இன்னொரு டிஸ்க்கில் அதே போன்ற ஒரு செக்டர் வந்தால், தொகுதி முழுவதும் போய்விடலாம்.

நடக்க வேண்டியது வேறு. டிஸ்க் சில வினாடிகளில் தோல்வியை ஒப்புக்கொண்டு, இந்தச் செக்டரைப் படிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டால், லினக்ஸின் ரெய்டு மற்ற டிஸ்க்குகளிலிருந்து அந்தத் துண்டைக் கணக்கிட்டு எடுத்து, கெட்ட இடத்திலேயே திரும்ப எழுதிவிடும்; டிஸ்க்கும் அந்தச் செக்டரை மாற்று இடத்துக்கு நகர்த்திக்கொள்ளும். சர்வருக்கென்று விற்கும் டிஸ்க்குகள் பலவற்றில் பிழை மீட்பு நேர வரம்பு என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. ஸ்மார்ட் கருவியில் அதைப் படிக்க 70, எழுத 70 என்று வைப்பார்கள். அலகு பத்தில் ஒரு வினாடி, ஆகவே 7 வினாடி. பல டிஸ்க்குகள் மின்சாரம் போனால் இந்த அமைப்பை மறந்துவிடும் என்பதால், கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் வைக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். டிஸ்க்கில் அந்த வசதி இல்லையென்றால், கெர்னலின் காலக்கெடுவை 180 வினாடிக்கு உயர்த்துங்கள். அப்போது செக்டர் கெடும்போது கணினி மூன்று நிமிடம் வரை உறைந்து நிற்கலாம்; ஆனால் தொகுதி உடையாது.

டிஸ்க் கைவிடும் நேரம் டிரைவர் கைவிடும் நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் சரிபார்த்தாலே இந்த வகை இழப்பு நின்றுவிடும். புதிதாக ரெய்டு அமைக்கும் எவரிடமும் நான் முதலில் கேட்பது இந்த இரண்டு எண்களைத்தான்.

என்விஎம்இ டிஸ்க்கில் இதெல்லாம் எப்படி வேறுபடுகிறது?

படிகள் குறைவு. காலக்கெடு கடந்ததும் டிரைவர் முதலில், பதில் ஏற்கெனவே வரிசையில் வந்து கிடக்கிறதா என்று தானே எட்டிப் பார்க்கிறது. கிடந்தால், தொலைந்தது இன்டரப்ட் மட்டும்தான். எடுத்துக்கொண்டு, வரிசையைப் பார்த்து எடுத்ததாகப் பதிவில் எழுதிவிட்டுப் போய்விடும். இல்லையென்றால் அந்தக் கட்டளைக்கு ரத்துக் கோரிக்கை. அதன் பின்னும் காலக்கெடு கடந்தால் நேராக கன்ட்ரோலர் ரீசெட். ரீசெட் என்றால், இயக்கு என்ற பிட்டை அணைத்துவிட்டு, நான் ஓய்ந்தேன் என்று கன்ட்ரோலர் தன் நிலைப் பதிவகத்தில் சொல்லும்வரை காத்திருப்பது. அதற்கு எவ்வளவு நேரம் தர வேண்டும் என்பதைக் கன்ட்ரோலரே அரை வினாடி அலகில் அறிவித்திருக்கும். அது ஓய்ந்த பிறகே நிலுவையிலிருந்த கட்டளைகளின் நினைவகம் டிரைவருக்குத் திரும்புகிறது.

நிலைப் பதிவகத்தைப் படித்தால் எல்லாப் பிட்களும் ஒன்று என்றே வருவது ஒரு தனி அடையாளம். அது கன்ட்ரோலரின் விடையே அல்ல. பிசிஐ பஸ்ஸில் அந்த இடத்தில் யாரும் இல்லை என்று பொருள். மின்சேமிப்பு உறக்கத்துக்குப் போன டிஸ்க் எழ மறுக்கும்போது இதை அதிகம் பார்க்கிறேன். அப்படியானால், உறக்கத்தின் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் என்விஎம்இ அளவுருவைப் பூஜ்யமாக்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கை மாற்றுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

விண்டோஸில் எங்கே பார்ப்பது?

நிகழ்வுப் பதிவில் 129 என்ற எண் இருந்தால், காலக்கெடு கடந்து டிரைவர் ரீசெட் செய்தது என்று பொருள். 153 இருந்தால், கட்டளை மறுபடி அனுப்பப்பட்டது. 7 இருந்தால் கெட்ட செக்டர். முந்தைய இரண்டும் வந்து 7 வராவிட்டால், கேபிளையும் மின் இணைப்பையும் முதலில் பாருங்கள்.

யூஎஸ்பி டிஸ்க் அடிக்கடி அறுந்து மீள்கிறது, என்ன செய்யலாம்?

பெரும்பாலும் டிஸ்க்குக்கும் யூஎஸ்பிக்கும் நடுவே இருக்கும் பாலச் சில்லுதான் காரணம். மின்சாரம் போதாமல் இருக்கலாம். தனி மின் இணைப்புள்ள ஹப்பில் போட்டுப் பாருங்கள். அதன் பின்னும் அறுந்தால், அந்தச் சாதனத்துக்கு மட்டும் புதிய யூஏஎஸ் டிரைவரைத் தடுத்து, பழைய யூஎஸ்பி சேமிப்பக டிரைவரைப் பயன்படுத்தும்படி கெர்னலுக்குச் சொல்லலாம். வேகம் குறையும், நிலைத்து நிற்கும்.

மலை உயரமும் பனியும் டிஸ்க்கைப் பாதிக்குமா?

ஹார்ட் டிஸ்க்கின் தலை, சுழலும் தட்டின் மேல் மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. காற்று மெலிந்தால் அது தாழும். ஆகவே இயங்கும் உயரத்துக்கு வரம்பு உண்டு. பொதுவாக 3,048 மீட்டர் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பார்கள். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். ஆகவே உயரத்தின் மேல் பழி போட வேண்டாம். மழைக்காலத்தில் மின்சாரம் விட்டு விட்டு வருவதும், ஈரத்தில் இணைப்பி முனைகள் பச்சை பூப்பதும்தான் இங்கே உண்மையான காரணங்கள். யூபிஎஸ் இருக்கிறது என்பவர்களிடம் அதன் பேட்டரி எந்த ஆண்டு மாற்றியது என்று கேட்டால், பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை.

ஆஃப்லைன் ஆன டிஸ்க்கைத் திரும்ப ஓடும் நிலைக்குக் கொண்டுவரலாமா?

முடியும், நிலையைச் சொல்லும் கோப்பில் ஓடுகிறது என்று எழுதினால் கெர்னல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதன் மேல் ஏற்றியிருந்த கோப்பு முறைமை அதற்குள் தன் முன்பதிவை நிறுத்தி, படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போயிருக்கும். அதை இறக்கி, பிழை சரிபார்த்து, பிறகே ஏற்ற வேண்டும். காரணம் தெரியாமல் திரும்ப ஓடவிடுவதை நான் செய்வதில்லை.

டிரைவர் எழுதும் மாணவர்கள் இந்த வழிகளை எப்படிச் சோதிப்பது? கெட்ட டிஸ்க் கையில் இல்லையே?

லினக்ஸிலேயே ஸ்கஸி டீபக் என்ற போலி டிஸ்க் இருக்கிறது. இத்தனை கட்டளைக்கு ஒன்றுக்குப் பதில் தராதே என்று அதற்குச் சொல்ல முடியும். தாமதத்தையும் பிழையையும் செயற்கையாக உண்டாக்கும் டிவைஸ் மேப்பர் (டிஸ்க்குக்கு மேல் அமரும் கெர்னல் அடுக்கு) வகைகளும் உண்டு. தாமதத்தைக் காலக்கெடுவுக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். கட்டளை முடிவதும் காலக்கெடு கடப்பதும் ஒரே கணத்தில் மோதும் இடத்தில்தான் டிரைவரின் பிழைகள் ஒளிந்திருக்கும்.

டிஸ்க் உண்மையிலேயே போகிறது என்று தெரிந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

அதில் ஓடும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிழை சரிபார்க்கும் கருவியை அதன் மேல் ஓட்டாதீர்கள், அது எழுதும். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ கொண்டு வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அது எளிதாக வரும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பும். எது வந்தது, எது வரவில்லை என்பதைத் தன் வரைபடக் கோப்பில் குறித்துவைப்பதால், இடையில் டிஸ்க் உறைந்து ரீசெட் ஆனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சரிபார்ப்பு எல்லாம் அந்த நகலின் மேல் நடக்கட்டும்.

உதகையின் குளிரில் இருந்த டிஸ்க்கைக் கோவைக்கு எடுத்துப்போவதானால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடியே கொண்டுபோங்கள். கீழே இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தின் மேல் சமவெளியின் ஈரக் காற்று பட்டால் நீர் கோத்துவிடும். சில மணி நேரம் மூடிய பையிலேயே வைத்து, டிஸ்க் அறையின் சூட்டுக்கு வந்த பிறகு எடுத்து மின்சாரம் கொடுங்கள்.